எண்ணெய் டின்னுக்குள் ஒரு குறுவை

போன வருஷம் அண்ணன் மகள் ஒரு கேள்வி கேட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பாடப்புத்தகத்தில் வேர், தண்டு, இலை என்று ஒரு அவரைச் செடிப் படம் இருந்திருக்கிறது. நட்டு இருபது நாள் ஆன வயலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "சித்தப்பா, நெல்லுக்குத் தண்டு எங்க இருக்கு?" என்றாள். ஒரு தூரைப் பிடுங்கி அடியைக் காட்டி, "இதுதான்" என்றேன். அவள் சும்மா விடவில்லை. வாழைப்பட்டையை உரிப்பது மாதிரி ஒவ்வொன்றாக உரித்தாள். ஒரு இலையின் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் ஒரு சுருட்டிய குருத்திலை. அதையும் பிரித்தாள். உள்ளே தண்டு என்று சொல்லும்படி எதுவுமே இல்லை.

எங்களுக்குப் பாபநாசம் பக்கம் குடமுருட்டிப் பாசனம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நெல் வயலில்தான் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. ஒரு வருஷம் மனதில் அப்படியே கிடந்தது. இந்தக் குறுவைக்கு, மண்ணுக்குள் நடப்பதையும் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, முன்பக்கம் பழைய ஜன்னல் கண்ணாடி வைத்தேன். ஒன்பதாம் நாள் பலகை ஊதி, மூலை பிரிந்து, சேறு முழுக்கத் திண்ணையில் ஓடியது. செய்கிறவர்கள் பிளைவுட்டைத் தொடவேண்டாம். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும், அந்த ஈரத்தைப் பலகை தாங்காது.

இரண்டாவது முறை கடைத்தெருவில் இரண்டு 15 கிலோ எண்ணெய் டின் வாங்கினேன். சோடாவும் வெந்நீரும் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, மேல்மூடியை எடுத்துவிட்டு, ஒரு பக்கத் தகரத்தை மட்டும் ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டு வெட்டி எடுத்தேன். கண்ணாடியை வெளியே ஒட்டாமல் உள்ளே வைத்து ஒட்டவேண்டும். அப்போதுதான் சேறும் தண்ணீரும் தள்ளுகிற தள்ளலில் கண்ணாடி அந்த ஒரு அங்குல விளிம்போடு இன்னும் இறுகும். வெளியே ஒட்டினால் அதே தள்ளல் கண்ணாடியைப் பெயர்த்துவிடும். ஒட்ட மீன்தொட்டிக்குப் போடுகிற சிலிக்கான். போட்டதும் காடி வாசம் வரும். அந்த வாசம் முழுக்கப் போகிறவரை தண்ணீர் ஊற்றக்கூடாது. நான் இரண்டு நாள் விட்டேன். தகரம் துரு ஏறாமல் இருக்க உள்ளே இரண்டு கை பெயிண்ட் அடித்தேன்.

அப்புறம் நம் வயல் சேற்றையே குழைத்து நிரப்பினேன். டின்னை நேராக நிறுத்தாமல், கண்ணாடிப் பக்கம் கீழே பார்க்கும்படி சுவரில் சாய்த்து வைத்தேன். வேர் நேர்கீழே போகப் பார்க்கும். கண்ணாடி குறுக்கே சாய்ந்திருந்தால் அதை ஒட்டியே இறங்கும், நம் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியில் வெளிச்சம் படக்கூடாது, பட்டால் நாலே நாளில் பாசி மூடிவிடும். பழைய குடைத்துணியைத் திரையாகத் தொங்கவிட்டு, பார்க்கும்போது மட்டும் தூக்கினேன்.

விதை ஆடுதுறை 43, நூற்றுப்பத்து நாள் ரகம். ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் ஈரச்சாக்கில் மூட்டம் போட்டு முளைகட்டினோம். மூட்டம் போடும் முன், ஊறியதில் ஒரு கைப்பிடியை எடுத்து வேறொரு சோதனைக்கு வைத்துக்கொண்டேன். ஊறிய விதையில் பாதியை ஈரத்துணியில் மடித்தேன். மீதியைக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில், டம்ளர் நிறையப் போட்டுவைத்தேன். கொதித்த தண்ணீரில் காற்று இருக்காது. துணியில் இருந்ததற்கு முதலில் வேர் வந்தது, பிறகு முளைக்குருத்து. டம்ளருக்குள் இருந்ததற்கு வேரே வரவில்லை. வெள்ளை நூல் மாதிரி முளைக்குருத்து மட்டும் மேலே மேலே நீண்டுகொண்டே போனது. அந்தக் குருத்து உள்ளே குழாய் மாதிரி பொள்ளலானது. அது தண்ணீர் மட்டத்தைத் தொட்டுக் காற்றை உள்ளே இறக்கினால்தான் கீழே வேர் ஓட ஆரம்பிக்கும். நாற்றங்காலில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் நாற்று வேர் பிடிக்காமல் மிதக்கிறதே, அது ஏன் என்று அந்த டம்ளரைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

விதையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்று சோறாக்க அரிசி களையும்போது ஒரு அரிசியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் எலி கடித்த மாதிரி சின்னதாக ஒரு மூளி இருக்கும். அங்கேதான் கரு உட்கார்ந்திருந்தது. தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நாம் சாப்பிடுகிறது முழுக்க, அந்தக் கருவுக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. மூன்றாம் இலை விரிகிறவரை பயிர் அந்தச் சோற்றை நம்பித்தான் இருக்கிறது. மூன்றாம் இலை விட்ட நாற்றைப் பிடுங்கி, ஒட்டியிருந்த நெல்லை நசுக்கினேன். வெறும் உமிதான் இருந்தது.

முதல் டின்னில் ஊன்றிய முளைவிதையின் வேர் கண்ணாடிக்கு வந்தது ஆறாம் நாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாடியின் வெளிப்பக்கம், வேர் நுனி இருக்கிற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றரை சென்டிமீட்டர், நல்ல வெயில் நாளில் இரண்டு. இதை எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று கவனித்தேன். எட்டாம் நாள் கோட்டுக்கு நேரே ஒரு சின்னக் கிளைவேர் முளைத்திருந்தது. பதினைந்தாம் நாள் தாய்வேர் எங்கோ கீழே போய்விட்டது, ஆனால் அந்தக் கிளைவேர் இன்னும் அதே எட்டாம் நாள் கோட்டுக்கு நேரேதான் இருந்தது, ஒரு மயிரிழை நகரவில்லை. அப்படியென்றால் வேரின் பழைய பகுதி நீளவே இல்லை. நீள்வதெல்லாம் நுனியில்தான்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள மொச்சையை ஈரத்துணியில் முளைக்கவைத்து, இரண்டு சென்டிமீட்டர் வேர் வந்ததும், நுனியிலிருந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக மையால் போட்டேன். கோடு போட ஒரு நூலை மையில் நனைத்து ஒற்றுவதுதான் நல்ல வழி, பேனா முனை வேரைக் கீறிவிடும். மறுநாள் பார்த்தால், மேலே இருந்த கோடுகள் போட்டபடியே நெருக்கமாக இருந்தன. நுனியை ஒட்டிய நாலைந்து கோடுகள் மட்டும் விலகி, இழுத்துப்போட்ட மாதிரி மங்கிக் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ் என்ற தாவரவியலாளர் இதே மாதிரி மைக்கோடு போட்டு வேர் வளரும் இடத்தை அளந்தவர். அவர் பார்த்ததை நம் திண்ணையில் ஒரு பிடி மொச்சையை வைத்துப் பார்த்துவிடலாம்.

இலை இதற்கு நேர் எதிர். புதிதாகத் தலைநீட்டும் குருத்திலையில், நுனியில் ஒரு புள்ளி, ஒரு அங்குலம் கீழே இன்னொரு புள்ளி. மூன்று நாளில் இரண்டு புள்ளியும் நாலு விரல் மேலே போய்விட்டன, ஆனால் அவற்றுக்கு நடுவே அதே ஒரு அங்குலம்தான். இலை நுனியில் வளரவில்லை, அடியிலிருந்து யாரோ தள்ளிவிடுகிற மாதிரி எழும்புகிறது. ஆடு வாய்வைத்த இளம்பயிர் மறுபடி தழைப்பது இதனால்தான். மேய்ந்தது பழைய நுனியை, வளர்கிற இடம் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அருகம்புல்லும் இதே கதைதான்.

இலையில் இன்னொரு அடையாளம் களை எடுக்கிறவர்களுக்கு உதவும். இலைத்தாளும் உறையும் சேரும் மூட்டில் நெல்லுக்கு வெள்ளையாக ஒரு மெல்லிய நாக்கும், இரண்டு பக்கமும் ரோமம் வைத்த சின்னக் காதும் இருக்கும். நெல் மாதிரியே நடிக்கிற குதிரைவாலிப் புல்லுக்கு அந்த இடம் மொட்டையாக இருக்கும். பூ வருகிறவரை காத்திருக்கவேண்டாம், மூட்டை விரித்துப் பார்த்தால் போதும்.

சரி, தண்டு எங்கே?

இருபது நாள் நாற்று ஒன்றை எடுத்து, வேரும் உறையும் சேருகிற அடிப்பகுதியைப் புது பிளேடால் நெடுக்காகப் பிளந்தேன். பிளேடு புதிதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் நசுங்கிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, ஒரு மிளகு அளவு வெள்ளைப் பகுதியில், குறுக்கே குறுக்கே மெல்லிய தட்டுத்தட்டாகக் கோடுகள். காசுகளை அடுக்கிவைத்த மாதிரி. ஒவ்வொரு தட்டும் ஒரு கணு. அந்த அடுக்கின் உச்சியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குவிமுனை. அதுதான் வளரும் முனை. இலை எல்லாம் அங்கேயிருந்துதான் வருகிறது. தண்டு இருக்கிறது, ஆனால் நீளவில்லை, மண் மட்டத்தில் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் மகள் உரித்தது முழுக்க இலை உறை, அதனால்தான் உள்ளே ஒன்றும் இல்லை.

கணு என்றால் என்ன என்பதை அவளுக்குப் பொங்கல் கரும்பை வைத்துச் சொன்னேன். கரும்பும் புல் இனம்தான். ஒரு கணுவைப் பாருங்கள். இலை உதிர்ந்த வளையத் தழும்பு, அதை ஒட்டி ஒரு பரு, பருவைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாக வேர் முளைக்கிற வரிசை. ஒரு கணு என்றால் ஒரு இலை, ஒரு மொட்டு, ஒரு சுற்று வேர். கரும்பில் கணுவுக்கும் கணுவுக்கும் நல்ல இடைவெளி, நாற்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அமைப்பு ஒன்றுதான். நெல்லின் அடியில் இருக்கிற ஒவ்வொரு மொட்டும் ஒரு தூராக, அதாவது பக்கக் கிளையாக, வெடிக்கும், ஒவ்வொரு கணுவும் புது வேர் விடும். தூர் வருவதற்கு ஒரு கணக்குக்கூட உண்டு: ஐந்தாம் இலை தலைகாட்டும்போது இரண்டாம் இலையின் கக்கத்திலிருந்து முதல் தூர், ஆறாம் இலைக்கு மூன்றாம் இலையின் கக்கம். மூன்று இலை பின்தங்கியே வரும். டின்னில் எண்ணிப் பார்த்தேன், முதல் மூன்று தூர்களுக்கு அச்சாகப் பொருந்தியது. பிறகு தூர்கள் நெருங்கி எண்ண முடியாமல் போய்விட்டது.

கொல்லையில் ஒரு பூவன் வாழையிலும் இதைப் பார்த்துவிட்டேன். குலை தள்ளாத இளம் வாழையை முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டாக வெட்டினேன். வெட்டுவாயில் வட்ட வட்டமாகப் பட்டைகள், நடுவில் சுருட்டிய குருத்து. காலையில் சமமாக இருந்த அந்த நடுக்குருத்து சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் நீளம் மேலே வந்துவிட்டது. வாழையின் உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. வளரும் முனை அங்கே பத்திரமாக இருப்பதால் மேலே வெட்டினாலும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பூ வைக்கிற காலம் வந்தால்தான் அந்த முனை பட்டைகளுக்கு நடுவே ஏறும். நாம் பொரியல் செய்கிற வாழைத்தண்டு அப்படி ஏறியதுதான். குலை தள்ளிய மரத்தை வெட்டினால் மறுபடி வராததற்குக் காரணம் அதுவே, முனை பூவாகி முடிந்துவிட்டது. தென்னைக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. ஒரே முனை, அதுவும் உச்சியில். காண்டாமிருக வண்டு அந்தக் குருத்தின் அடிவரை குடைந்துவிட்டால் மரமே போச்சு.

இப்போது இரண்டாவது டின். எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான், எங்கள் வீட்டில் நடவு முறையையே கொஞ்சம் மாற்றியதும் இதுதான். நாற்றங்காலில் பறித்த இருபது நாள் நாற்றில் இடது பக்கம் ஒன்றை ஒரு அங்குல ஆழத்திலும், வலது பக்கம் ஒன்றை மூன்று அங்குல ஆழத்திலும் நட்டேன். இரண்டுமே கண்ணாடியை ஒட்டி.

பறித்த நாற்றின் பழைய வேர் பழுப்பாகி அடங்கிவிட்டது. நாலாம் நாள் இடது நாற்றின் அடியில் வெள்ளை வெளேரென்று புது வேர் ஐந்தாறு. ஏழாம் நாள் பச்சை பிடித்துவிட்டது. வலதில் புது வேர் வந்தது ஆறாம் நாள்தான், அதுவும் கொஞ்சம். பிறகு ஒன்று நடந்தது. அந்த அடுக்கிவைத்த காசுகளில் இரண்டு மட்டும் விலகி, நடுவே வெள்ளைக் குச்சி மாதிரி ஒரு பகுதி நீண்டு, மேல் கணுவை மண்ணின் மேல்மட்டத்துக்கு ஏற்றிவிட்டது. அங்கே போனபிறகு புதிதாக ஒரு சுற்று வேர் விட்டு, அதற்கு அப்புறம்தான் தூர் வெடிக்க ஆரம்பித்தது. இடதைவிட ஒன்பது நாள் தாமதம். கீழே புதைந்த மொட்டுகள் தூராகவே இல்லை.

நடவுக்கு வருகிற அக்கா ஒருவர், முப்பது வருஷமாக எங்கள் வயலில் நடுகிறவர், அவரைக் கூப்பிட்டுக் குடைத்துணியைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏந் தம்பி, இது ஏறி வரதுக்குள்ள பக்கத்துல உள்ளது தூர் கட்டிப்புடுதே" என்றார்.

"ஆமாக்கா. ஆழமா அழுத்துனா நிக்கும்னுதான அழுத்துறோம்?"

"சேறு பாலா இருக்கப்ப மேலாக்க வச்சா மெதந்துபுடும் தம்பி, அதான் அழுத்துறது. பரம்படிச்சு மட்டமாக்கி ஒரு நாள் விட்டுப்புட்டு எங்களக் கூப்புடுங்க. சேறு அமந்துட்டா மேலாக்க வச்சாலே நிக்கும்."

இந்தக் கண்ணாடி எனக்குச் சொல்லாததை அவர் சொன்னார். ஆழத்துக்குக் காரணம் நடுகிறவர் கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சேறு அமருவதற்கு நாம் நேரம் தராததுதான் காரணம். மேட்டூரில் ஜூன் 12 திறந்து, தண்ணீர் கல்லணை வந்து, வாய்க்காலில் இறங்கியதும் ஊரே ஒரே நேரத்தில் ஆளைத் தேடி ஓடுகிறோம். உழுத அன்றே நடவு. அடுத்த நடவிலிருந்து ஒரு நாள் விடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

வேரின் நிறத்தைப் பற்றியும் எழுதவேண்டும். முப்பதாம் நாளுக்குப் பிறகு கண்ணாடி ஒரு ஓவியம் மாதிரி ஆகிவிட்டது. சேறு நீலம் கலந்த சாம்பல் நிறம். வேர் ஓடுகிற இடத்தைச் சுற்றி மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு மெல்லிய உறை. தண்ணீர் நிற்கிற மண்ணில் காற்று கிடையாது. நெல் தன் இலை வழியாக இழுத்த காற்றை உறை வழியாக வேருக்கு இறக்குகிறது. அதில் கொஞ்சம் வேரிலிருந்து கசிந்து, மண்ணில் கரைந்திருக்கிற இரும்பைத் துருவாக்கிவிடுகிறது. அந்தத் துருதான் செங்கல் நிறம். ஒரு வேரைக் குறுக்கே சீவி லென்ஸில் பார்த்தால், வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவே காற்று வழிகள். மொச்சை வேரில் அப்படி இல்லை, அதனால்தான் மொச்சைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது.

முதல் டின்னில் ஒரு தவறும் செய்தேன். ஒரு மூலையில் மக்காத பச்சை வைக்கோலைக் கொஞ்சம் அதிகமாகப் புதைத்துவிட்டேன். அந்த மூலையில் குமிழ் குமிழாக வந்து, அங்கே போன வேரெல்லாம் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை வாடை. மூன்று நாள் தண்ணீர் கட்டாமல் மேல்மண் லேசாக வெடிக்கிறவரை காயவிட்டேன். ஐந்தாம் நாள் கறுத்த வேர்களுக்கு மேலே இருந்து புது வெள்ளை வேர் இறங்க ஆரம்பித்தது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சொல்வது வேருக்கு மூச்சு விடுவது என்று கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

நாற்பதாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு ஒரு முறை முதல் டின்னிலிருந்து பெரிய தூராக ஒன்றை அறுத்து நெடுக்காகப் பிளந்தேன். நாற்பத்தைந்து வரை அதே குவிமுனை. ஐம்பத்தைந்தாம் நாள் பிளந்தபோது, அந்த முனை இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளைப் பஞ்சு நுனி மாதிரி ஒன்று. கதிர்! வெளியே பார்த்தால் பயிர் வெறும் பச்சை, உள்ளே அறுவடை ஆரம்பித்துவிட்டது. அதற்குக் கீழே கணுக்களும் விலக ஆரம்பித்திருந்தன. கதிரைத் தூக்கிக்கொண்டு தண்டு எழும்புவது இந்தக் கட்டத்தில்தான், அதுவரை அது மண்ணோடு உட்கார்ந்திருக்கும். ரகம் எதுவானாலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து வெளியே வர ஏறக்குறைய முப்பத்தைந்து நாள், அதன்பின் முற்ற முப்பது நாள். குறுவை ரகத்துக்கும் நீண்ட நாள் சம்பா ரகத்துக்கும் வித்தியாசம் அதற்கு முன்னால், இலையும் தூருமாக இருக்கிற காலத்தில்தான். கதிர் உருவாகும் நேரம் உரத்துக்கு முக்கியமான நேரம். நாள் எண்ணிப் போடுவதைவிட ஒரு தூரைப் பிளந்து பார்த்துப் போடுவது நிச்சயம் நல்லது.

கண்ணாடி இலை என்கிற கடைசி இலை வந்து, கதிர் உறைக்குள் பொதி கட்டி, எண்பதாம் நாளை ஒட்டிக் கதிர் வெளியே வந்தது. காலை பத்து மணிக்கு மேல் நெல்மணி வாய் திறக்க, ஆறு மகரந்தப்பைகள் வெளியே தொங்கின. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி மூடிக்கொண்டது.

இரண்டாவது டின்னை முற்றியபின் கழுவிப் பிரித்தேன். மேலாக நட்டதில் பதினாறு கதிர், ஆழமாக நட்டதில் ஒன்பது. டின்னில் ஒவ்வொரு நாற்றுதான் என்பதால் வயலுக்கு இதையே கணக்காக வைக்கமுடியாது. சம்பாவில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் இரண்டு விதமாகவும் நட்டு எண்ணிப் பார்க்கவேண்டும்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஒரு நெல் தாளை எடுத்து உறையை எல்லாம் உரித்தாள். இந்த முறை உள்ளே தண்டு இருந்தது, வழவழப்பாக, பொன்னிறமாக. கணுக்கணுவாக வெட்டி, அடியிலிருந்து வரிசையாகத் திண்ணையில் அடுக்கினாள். ஐந்து துண்டு. முதல் துண்டு அவள் நகம் அளவுகூட இல்லை, அடுத்தது இரண்டு விரற்கடை, கடைசித் துண்டு, கதிரைத் தாங்கியது, ஒரு சாணுக்கும் மேலே. ஸ்கேலை வைத்து அளந்து ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.